ஓவியரைத் தேடும் முன்: பலகை விளையாட்டு உருவாக்கப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் பலகை விளையாட்டை முடிக்க மூன்றரை ஆண்டுகள் பிடித்தன. அவற்றில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால் வீணானது. ஆற்றில் படகோட்டிச் சரக்கு சேர்க்கும் ஆட்டம் அது. நான்காவது முன்மாதிரியிலேயே ஆட்டம் முழுமை பெற்றுவிட்டது என்று நம்பி, ஓவியர் ஒருவரிடம் 62 சரக்குச் சீட்டுகளுக்குப் படம் வரையச் சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டேன். ஒன்பதாவது முன்மாதிரிக்கு வந்தபோது சரக்குச் சீட்டுகள் 40 ஆகச் சுருங்கியிருந்தன. மீதி 22 படங்கள் இன்றும் என் கணினியில் உறங்குகின்றன. ஓவியர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்டதை வரைந்தார், நான்தான் கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டேன். அந்த வரிசையை நீங்களாவது சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

முதலில் ஒரு தாளை எடுத்து, எத்தனை பேர் ஆடலாம், எவ்வளவு நேரம் ஆகும், எந்த வயதினருக்கு உரியது, தன் முறை வரும்போது ஒருவர் என்ன செய்வார், ஆட்டம் எப்போது முடியும், யார் வெல்வார் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். ஒரு மாலைப் பொழுது இதற்குப் போதும். ஒரு முறையில் நடப்பதை மூன்று வாக்கியங்களில் சொல்ல முடியவில்லை என்றால், உங்களிடம் இருப்பது இன்னும் ஆட்டம் ஆகாத ஒரு கதைக்களம். கதைக்களத்தை விரித்துப் பத்துப் பக்கம் எழுதுவது இனிமையான வேலைதான். ஆனால் அந்தப் பத்துப் பக்கங்களில் ஒரு வரிகூட மேசைக்கு வந்து சேராது.

பிறகு, ஏற்கெனவே வெளிவந்தவற்றுள் உங்கள் எண்ணத்துக்கு நெருக்கமான இரண்டு மூன்று ஆட்டங்களை, பலகை ஆட்டங்களைத் தொகுத்துவைத்திருக்கும் போர்டுகேம்கீக் இணையதளத்தின் பட்டியலில் தேடி, கிடைத்தால் ஆடியும் பாருங்கள். ஒத்த ஆட்டம் இருப்பதால் உங்கள் எண்ணத்தைக் கைவிட வேண்டியதில்லை. பின்னாளில் பதிப்பாளர் ஒருவர் "அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்கும்போது சொல்வதற்கு விடை வேண்டும், அவ்வளவுதான்.

2. அழகில்லாத முன்மாதிரியைச் செய்யுங்கள்

முதல் முன்மாதிரிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். சீட்டுகளுக்கு மிக எளிய வழி இது: 63 × 88 மி.மீ. அளவுள்ள பழைய சீட்டுக்கட்டு ஒன்றையும், அந்த அளவுக்கேற்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். உறைக்குள் பழைய சீட்டைச் செருகி, அதன் முன்னே உங்கள் துண்டுத்தாளை வையுங்கள். எண்ணை மாற்ற வேண்டுமானால் துண்டுத்தாளை மட்டும் மாற்றினால் போதும். சீட்டுகள் சீராகக் கலையும், கையிலும் நன்றாக நிற்கும். காய்களுக்கு 8 மி.மீ. மரக் கனசதுரங்களோ பொத்தான்களோ போதும். பலகையைப் பென்சிலில் வரையுங்கள். பேனாவில் வரைந்த கோட்டை அழிக்க மனம் வராது.

சீட்டுகளின் விவரங்களைத் தொடக்கத்திலிருந்தே ஒரு விரிதாளில், சீட்டுக்கு ஒரு வரிசையாகப் பதிந்துவாருங்கள். நான்டெக் என்னும் இலவச மென்பொருள் அந்த விரிதாளைப் படித்து, அச்சிடத்தக்க சீட்டுகளாக அடுக்கித் தரும். அதைப் பழகிக்கொள்ள இரண்டு நாள் ஆகலாம். அதன் பிறகு 40 சீட்டுகளைத் திருத்துவது அரை மணி நேர வேலை. தொலைவில் இருப்பவர்களோடு ஆடிப் பார்க்க, பலகை ஆட்டங்களைக் கணினித் திரையில் ஆடவிடும் டேபிள்டாப் சிமுலேட்டர், டேபிள்டோப்பியா போன்றவை உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் முன்மாதிரியின் எண்ணைச் சிறிதாக எழுதிவையுங்கள். ஐந்தாவது முன்மாதிரியின் சீட்டுகள் சில ஆறாவதோடு கலந்திருப்பதை அறியாமல் நான் மூன்று சோதனை ஆட்டங்களை நடத்தி, அவற்றின் முடிவுகளை நம்பி விதிகளையும் மாற்றினேன். அந்த மாற்றங்கள் அனைத்தையும் பிறகு திரும்பப் பெற நேர்ந்தது.

3. தனியாக ஆடுங்கள், கணக்கும் போடுங்கள்

மற்றவர்களை அழைக்கும் முன், நான்கு இருக்கைகளிலும் நீங்களே மாறி மாறி அமர்ந்து ஆடுங்கள். ஆட்டம் முடிவுக்கு வராமல் சுழல்வது, காய்கள் பற்றாமல் போவது, ஒரு விதி மற்றொன்றோடு மோதுவது போன்ற பெரிய ஓட்டைகள் இதிலேயே தெரிந்துவிடும். நண்பர்களின் பொறுமை அளவானது. நீங்களே கண்டுபிடிக்கக்கூடிய பிழைக்காக அதைச் செலவழிக்காதீர்கள்.

கணக்கு என்றவுடன் அஞ்ச வேண்டாம், பள்ளிக் கணக்கே போதும். இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விளைவுகள் உண்டு. கூட்டுத்தொகை 7 வருவதற்கு அவற்றில் 6 வழிகள், 12 வருவதற்கு ஒரே வழி. 12 விழுந்தால் கிடைக்கும் பரிசு 7 விழுந்தால் கிடைப்பதைப் போல இருமடங்கு மட்டுமே என்றால், யாரும் 12-ஐ நம்பித் திட்டமிட மாட்டார்கள். அதுபோல, ஒரு செயலுக்கு எத்தனை புள்ளி மதிப்பு என்று ஓர் அடிப்படை அளவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டையும் அந்த அளவால் எடைபோடுங்கள். எடை சமமாக இல்லாத சீட்டு தவறானது என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். நான்கு பேர், எட்டுச் சுற்றுகள், சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு செயல்கள் என்றால் 64 செயல்கள். ஒரு செயலுக்கு 40 நொடி என்று வைத்தால் ஏறக்குறைய 43 நிமிடங்கள். நான் என் ஒரு பக்கத் தாளில் "30 நிமிடம்" என்று எழுதியிருந்தேன். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால், ஆட்டம் நீளமாக இருக்கிறது என்று பத்துப் பேர் வாயால் கேட்ட பிறகு இரண்டு சுற்றுகளைக் குறைக்கும் நிலை வந்திருக்காது.

4. மற்றவர்களை ஆட விடுங்கள்

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நாட்கள் ஆகும். எனக்கு ஒன்றரை ஆண்டும் 74 சோதனை ஆட்டங்களும் ஆயின. வரிசை முக்கியம். ஆட்டம் ஓடுகிறதா என்று பார்க்க முதலில் வீட்டாரும் நண்பர்களும். எங்கே உடைகிறது என்று சொல்ல அடுத்து மற்ற வடிவமைப்பாளர்கள். அதன் பிறகே உங்களை அறியாதவர்கள். வீட்டார் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

சோதனை ஆட்டத்தின்போது கையில் ஒரு குறிப்பேடு வேண்டும். விதிகளை விளக்கப் பிடித்த நேரம், ஆட்டம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஒவ்வொருவரின் புள்ளி, முதலில் ஆடியவர் யார், கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியும் ஆகியவற்றைக் குறியுங்கள். யாருடைய கை எந்த நேரத்தில் கைபேசியை நோக்கிப் போயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் எங்கே தொய்கிறது என்பதை வாய்ச்சொல்லைவிட அந்தக் கை துல்லியமாகக் காட்டும்.

என் பலகையில் ஆறு வலப்புறத்திலிருந்து இடப்புறம் பாய்வதாக வரைந்திருந்தேன். ஒரு நாள் முன்பின் தெரியாத நால்வர் ஆடினார்கள். ஒரு பெண்மணி தன் நீலப் படகை எடுத்து, நீரோட்டத்தோடு போவதாக எண்ணி, இடமிருந்து வலமாக இரண்டு கட்டம் நகர்த்தினார். நான் குனிந்து அம்புக்குறியைக் காட்டினேன். அவர் திருத்திக்கொண்டார். அடுத்த முறையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் அதையே செய்தார். நான்காவது சுற்றுக்குள் மூன்று பேர் அதே தவற்றைச் செய்துவிட்டார்கள். நானும் அம்புக்குறியைப் பெரிதாக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அம்புக்குறியைப் பெரிதாக்குவதைவிட ஆற்றைத் திருப்பி வரைவது எளிது என்று புத்திக்கு எட்டியது. திருப்பி வரைந்தேன், அந்தக் கேள்வி அதன் பிறகு ஒரு முறையும் எழவில்லை.

ஆட்டம் முடிந்ததும் "பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள்; முகத்துக்கு நேரே யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "எந்த இடத்தில் காத்திருப்பது போல இருந்தது?", "கடைசி முறையில் ஏன் அந்தச் சீட்டை எடுத்தீர்கள்?", "எதைச் செய்ய விரும்பி முடியாமல் போயிற்று?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொல்லையை நம்புங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் மருந்தை உடனே குடித்துவிட வேண்டாம். "இன்னும் ஒரு பகடை சேர்க்கலாம்" என்று ஒருவர் சொன்னால், தன் முறையில் தெரிவுகள் குறைவாக இருந்ததாக அவர் உணர்ந்தார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் இடையில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு ஆட்டம் மேம்பட்டால், எது மேம்படுத்தியது என்று தெரியாது.

பதிவுகள் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நால்வர் ஆடிய 20 ஆட்டங்களை எண்ணிப் பார்த்தபோது, முதலில் ஆடியவர் ஒன்பதில் வென்றிருந்தார். நியாயமாக ஐந்தை ஒட்டி இருக்க வேண்டும். இருபது ஆட்டங்கள் தீர்ப்புச் சொல்லப் போதாது என்றாலும், ஐயத்துக்கு இடம் தந்தன. மூன்றாம், நான்காம் ஆட்டக்காரர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு மூட்டை கூடுதலாகக் கொடுத்து, அடுத்து வந்த ஆட்டங்களையும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பெட்டியில் 2 முதல் 4 பேர் என்று எழுதப் போகிறீர்கள் என்றால், இருவர் ஆட்டத்தையும் நால்வர் ஆட்டத்தையும் சம அக்கறையோடு சோதியுங்கள். இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு முறையாவது, ஒருவரைத் தனியே அழைத்து, ஒரே உத்தியை மட்டும் பிடிவாதமாகப் பின்பற்றி ஆட்டத்தை உடைக்கச் சொல்லுங்கள். அறியாதவர்களோடு ஆடிய மூன்று ஆட்டங்கள் அடுத்தடுத்து எந்த விதி மாற்றத்தையும் கோராமல் முடிந்தால், அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

5. விதிப் புத்தகத்தை எழுதி, வாயை மூடிக்கொண்டு சோதியுங்கள்

நோக்கம், பெட்டியில் உள்ள பொருள்களும் எண்ணிக்கையும், படத்தோடு கூடிய தொடக்க அமைப்பு, ஒரு முறையில் செய்ய வேண்டியவை, ஆட்டத்தின் முடிவு, புள்ளிக் கணக்கு என்ற வரிசை பெரும்பாலான ஆட்டங்களுக்குப் பொருந்தும். ஒரு பொருளுக்கு ஒரே சொல்லை ஆளுங்கள். நான் நடைக்காகச் "சரக்கு", "பொருள்", "மூட்டை" என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். படித்தவர்கள் அவை மூன்றும் வெவ்வேறு என்று எண்ணி, பெட்டிக்குள் இல்லாத காய்களைத் தேடினார்கள்.

எழுதியதும், புத்தகத்தையும் பெட்டியையும் மட்டும் கொடுத்துவிட்டு, நீங்கள் பேசாமல் அமர்ந்து பாருங்கள். அல்லது அவர்கள் ஆடுவதைக் காணொளியாகப் பதிந்து தரச் சொல்லுங்கள். என் முதல் மௌனச் சோதனையில் ஆட்டம் தொடங்கவே 50 நிமிடங்கள் ஆயின. நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஐந்தாவது சோதனையில் அது 15 நிமிடமாகக் குறைந்தது.

காய்களை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்கள், எந்தக் கூட்டத்திலும் இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குறியோ வடிவமோ சேர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

6. பதிப்பாளரா, சொந்த வெளியீடா?

ஓவியரைத் தேடலாமா வேண்டாமா என்பதை இந்த முடிவுதான் தீர்மானிக்கிறது. பதிப்பாளரிடம் போவதாக இருந்தால் ஓவியத்துக்கு எதுவும் செலவிட வேண்டாம். அவர்களுக்கென ஓவியர்கள் இருப்பார்கள். உங்கள் படகுகளை விண்கலங்களாக மாற்றும் உரிமையையும் பெரும்பாலும் அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

பதிப்பாளருக்கு அனுப்பத் தேவையானவை: ஆட்டத்தின் பெயர், ஆட்டக்காரர் எண்ணிக்கை, நேரம், வயது, பொருள்களின் பட்டியல், தனித்தன்மை ஆகியவை அடங்கிய ஒரு பக்க அறிமுகத் தாள், இரண்டு மூன்று நிமிடக் காணொளி, விதிப் புத்தகத்தின் பிடிஎஃப், கேட்டால் உடனே அனுப்ப ஒரு முன்மாதிரிப் பெட்டி. ஒவ்வொரு பதிப்பாளரும் என்ன வகை ஆட்டங்களைத் தேடுகிறார் என்பதை அறிவித்திருப்பார். அதைப் படிக்காமல் அனுப்பினால் பதிலே வராது. நேரில் சந்திக்க விரும்பினால், ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் அக்டோபரில் நடக்கும் ஷ்பீல், அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் நடக்கும் ஜென் கான் போன்ற கண்காட்சிகளில் பல வாரங்களுக்கு முன்பே நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்காட்சி அன்று போய் நின்றால், விற்பனை மேசையில் இருப்பவருக்கு உங்கள் ஆட்டத்தைப் பார்க்க நேரம் இருக்காது.

எண்ணத்தைத் திருடிவிடுவார்களோ என்று அஞ்சி, இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும் புதியவர்கள் பலர். பெரும்பாலான பதிப்பாளர்கள் அதற்கு உடன்பட மாட்டார்கள். பதிப்புரிமை பொதுவாக விதிப் புத்தகத்தின் வாசகத்தையும் ஓவியங்களையும் காக்கும். ஆட்டம் இயங்கும் முறையைக் காக்காது. உங்களுக்கு உண்மையான காப்பு, தேதியிட்ட முன்மாதிரிகளும் குறிப்பேடும்தான்.

ஒப்பந்தம் வந்தால், ராயல்டி, அதாவது விற்பனையில் உங்களுக்குரிய பங்கு, எதன் மீது கணக்கிடப்படுகிறது என்ற வரியை முதலில் தேடுங்கள். கடை விலை 100 என்றால், மொத்த வணிகர் வழியாக விற்கும்போது பதிப்பாளர் கைக்கு வருவது ஏறக்குறைய 40. அந்த வரவில் 6 விழுக்காடு என்றால் உங்களுக்கு 2.40; கடை விலையில் 6 விழுக்காடு என்று நீங்கள் எண்ணியிருந்தால் ஏமாற்றம்தான். முன்பணம் எவ்வளவு, கணக்கு எப்போது தருவார்கள், எந்தெந்த மொழிகளுக்கும் நாடுகளுக்கும் உரிமை போகிறது, குறித்த காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை உங்களிடம் திரும்புமா என்பவற்றையும் பாருங்கள். கடைசியாகச் சொன்ன வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். கையெழுத்திட்ட பிறகு ஆட்டம் கடைக்கு வர ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆவது இயல்பு.

7. சொந்தமாக வெளியிடுவதானால், செலவுக் கணக்கு

மொத்தமாக அச்சிடுவதற்கான ஆஃப்செட் அச்சில் பெரும்பாலான ஆலைகள் குறைந்தது 500 அல்லது 1,000 பெட்டிகள் கேட்கும். விலைப்புள்ளி கேட்கும்போது பெட்டியின் அளவு, பலகையின் அளவும் தடிமனும், சீட்டுகளின் எண்ணிக்கை, அளவு, தாளின் எடை, காய்களின் எண்ணிக்கையும் பொருளும், புத்தகத்தின் பக்கங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மூன்று ஆலைகளுக்கு ஒரே மாதிரி அனுப்புங்கள். நடுவில் தைக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும்.

சீட்டுகள் பெரிய தாளில் மொத்தமாக அச்சாகின்றன. நான் பேசிய ஆலையில் ஒரு தாளுக்கு 54 சீட்டுகள். என்னிடம் 40 சரக்குச் சீட்டுகளும் 16 நிகழ்வுச் சீட்டுகளுமாக 56 இருந்தன. இரண்டே சீட்டுகளுக்காக இன்னொரு தாளுக்குப் பணம் கட்டுவதா என்று யோசித்து, இரண்டு நிகழ்வுகளை நீக்கினேன். ஆட்டத்துக்கு எந்தக் குறையும் நேரவில்லை. இந்த எண்ணை இரண்டாவது முன்மாதிரியின் காலத்திலேயே ஆலையிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

விலைப்புள்ளியில் இல்லாத செலவுகள்தாம் ஆளைக் கவிழ்க்கும்: வெட்டச்சு (அட்டையை வடிவத்துக்கு வெட்டும் அச்சு), மாதிரிப் பெட்டி, கப்பல் கட்டணம், சுங்கவரி, கிடங்கு வாடகை, வாங்கியவருக்கு அனுப்பும் அஞ்சல். பெட்டி உங்கள் கிடங்குக்கு வந்து சேரும் வரை ஆகும் மொத்தச் செலவைப் போலக் குறைந்தது ஐந்து மடங்காவது கடை விலை இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. அதற்குக் கீழே இறங்கினால், கடைகள் வழியாக விற்கும்போது கையிலிருந்து போட நேரலாம். கிக்ஸ்டார்ட்டர் என்னும் கூட்டு நிதித் தளத்தின் வழியாகப் பணம் திரட்டினால், திரண்ட தொகையில் 5 விழுக்காடு தளத்துக்கும், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணமும் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனையை மறப்பவர்கள் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருளுக்குப் பொம்மைகளுக்கான விதிகளும், அவற்றுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறியும் பொருந்தும். அமெரிக்காவில் 12 வயது வரையுள்ள சிறுவர்களுக்கான பொருள்கள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட வேண்டும். பல பெட்டிகளில் "14+" என்று காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கரடிப் பொம்மை படம் போட்ட ஆட்டத்தில் 14+ என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். பொருள் யாருக்கானது என்று அதிகாரிகளே பார்த்து முடிவு செய்வார்கள்.

8. ஓவியமும் அச்சுக் கோப்புகளும்

இப்போது ஓவியரைத் தேடலாம். எழுத்து ஒப்பந்தம், தவணை முறையில் பணம், அச்சிடவும் விளம்பரத்துக்கும் மறுபதிப்புக்கும் உரிமை ஆகிய மூன்றும் வேண்டும். கோப்புகள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவிலும், அச்சுக்குரிய நான்கு மைகளின் சிஎம்ஒய்கே நிறத்திலும், வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் படத்தோடும் இருக்கட்டும். எழுத்துகளை வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். சீட்டின் ஓரத்தில் மெல்லிய கரை வரைந்தால், வெட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணை உறுத்தும்.

அச்சிடும் முன் சரிபார்க்க ஆலை அனுப்பும் மின்படியை உங்கள் ஆட்டத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். என் பெட்டியின் மேல்மூடியில் 2–4 பேர் என்றும் பக்கவாட்டில் 2–5 பேர் என்றும் இருந்ததை நான் ஆறு முறை பார்த்தும் காணவில்லை. என் தங்கை பத்து நிமிடத்தில் கண்டாள்.

9. மாதிரிப் பெட்டியும் காத்திருப்பும்

மொத்த அச்சுக்கு முன் வரும் மாதிரிப் பெட்டியை அலமாரியில் வைத்து ரசிக்காமல் எண்ணுங்கள், ஆடுங்கள், மூடிக் குலுக்குங்கள். மாதிரிக்குச் சில வாரங்கள், உற்பத்திக்கு இரண்டு மூன்று மாதங்கள், கப்பலுக்கு ஒன்றிரண்டு மாதங்கள் என்று வையுங்கள். சீன ஆலை என்றால், ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் அவர்களின் புத்தாண்டை ஒட்டி இரண்டு முதல் நான்கு வாரம் எதுவும் நகராது. அதற்கு முந்தைய வாரங்களில் ஆலைகள் நெருக்கடியில் இருக்கும்.

ஆர்டர் கொடுக்கும்போதே உதிரிக் காய்களையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு தனியே வாங்குவது பெரும் செலவு. முதல் பெட்டிகள் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே நீலப் படகு இல்லை என்று பலர் எழுதினார்கள். பெட்டிக்குள் காய்களை வைக்கும் உள்தட்டைத் தூக்கிப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். சிலருக்கு அதன் அடியில் கிடந்தது. நான் மாதிரிப் பெட்டியைக் குலுக்கிப் பார்க்கவில்லை.